வேறொரு கோடு: இந்தியப் பிரிவினை பற்றிய மாற்று வரலாறுகள் – ஒரு விமர்சனம்

மாற்று வரலாறு என்பது, நடந்து முடிந்த ஒரு நிகழ்வு வேறு விதமாக நடந்திருந்தால் அதன்பின் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது. புனைகதை எழுதுவோரும் வரலாற்று ஆய்வாளரும் இதைக் கையாள்கின்றனர். நாடுகளின் எல்லைகள் இவ்வகைக் கற்பனைக்கு மிகவும் பிடித்த பொருள். வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்துவது எளிது. நகர்த்தியதும் ஒரு நாடே மாறிவிட்டதுபோலத் தோன்றும். இந்தியத் துணைக்கண்டத்தில் இக்கற்பனை அதிகமாகச் சுற்றி வருவது 1947 ஆம் ஆண்டுப் பிரிவினையைத்தான்.

பிரிவினை பற்றிய மாற்று வரலாறுகளில் பெரும்பாலானவை ஒரு மனிதரையோ ஒரு கோட்டையோ மாற்றிப் பார்க்கின்றன. கிடைக்கும் ஆவணங்களோடு ஒப்பிட்டால், அவ்வாறு மாற்றுவதால் விளைவு பெரிதாக மாறவில்லை என்பது தெரிகிறது. எல்லை எங்கே விழுந்தது என்பதைவிட, அது எவ்வளவு விரைவாக, யாரிடமும் கேட்காமல், எந்த முன்னேற்பாடும் இன்றி விழுந்தது என்பதே மாற்றிப் பார்க்கத் தகுந்த பகுதி. இக்கட்டுரை இந்த வாதத்தை முன்வைக்கிறது.

மாற்று வரலாற்றின் வரம்பு

வரலாற்றறிஞர் ஈ. எச். கார், ‘வரலாறு என்றால் என்ன?’ (1961) என்ற நூலில் இத்தகைய கற்பனைகளை வீட்டு முற்றத்துப் பொழுதுபோக்காகவே கருதினார். நடந்தது ஏன் நடந்தது என்று விளக்குவதே வரலாற்றாசிரியரின் வேலை என்பது அவர் நிலைப்பாடு. நீயல் ஃபெர்குசன் தொகுத்த ‘மெய்நிகர் வரலாறு’ (1997) இதற்கு மறுப்பாக வந்தது. ஒரு நிகழ்வுக்கு ஒன்றைக் காரணம் என்று சொல்லும்போதே, அது இல்லாதிருந்தால் நிகழ்வு நடந்திராது என்றும் சேர்த்தே சொல்கிறோம். ஆகவே மாற்று வரலாறு எல்லா விளக்கத்துக்குள்ளும் ஒளிந்திருக்கிறது என்பது இத்தரப்பின் வாதம். கூடவே ஃபெர்குசன் ஒரு கட்டுப்பாட்டையும் வைத்தார். அக்காலத்தில் வாழ்ந்தவர்கள் உண்மையிலேயே எண்ணிப் பார்த்து, ஆவணத்தில் பதிவு செய்த வழிகளை மட்டுமே மாற்றாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இக்கட்டுப்பாடு மாணவர்களுக்குப் பயனுள்ளது. இதை ஒரு சல்லடையாக வைத்துக்கொண்டால் வெறும் ஏக்கமும் ஆய்வும் தனித்தனியே பிரிந்துவிடும். இத்துடன் இன்னொரு விதியையும் சேர்க்கலாம்: ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை இருந்தபடியே விடு. பல கற்பனைகள் இரண்டாவது விதியில்தான் தவறுகின்றன.

மூன்று நாள் மாற்று வரலாறு

பிரிவினையில் கற்பனை தேவைப்படாத ஒரு மாற்று வரலாறு உண்டு. 1947 ஜூலையில் நிறைவேறிய இந்திய விடுதலைச் சட்டம், எல்லை ஆணையத்தின் தீர்ப்பு வரும்வரை, மாவட்டப் பெரும்பான்மையை வைத்து ஒரு தற்காலிக எல்லையை அட்டவணையில் கொடுத்திருந்தது. அதன்படி பஞ்சாபின் குர்தாஸ்பூரும் வங்கத்தின் முர்ஷிதாபாத்தும் பாகிஸ்தான் பக்கம். வங்கத்தின் குல்னா இந்தியப் பக்கம். சிட்டகாங் மலைப்பகுதியும் கிழக்கு வங்கத்துக்குரிய மாவட்டங்களின் பட்டியலில் இல்லை.

விடுதலை நாளில் முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி ஏறியது. குல்னாவிலும், சிட்டகாங் மலைப்பகுதியின் ரங்கமாட்டியிலும் இந்தியக் கொடி ஏறியது. ஆகஸ்ட் 17 அன்று ராட்கிளிஃப் தீர்ப்பு வெளியானதும் எல்லாம் தலைகீழானது. முர்ஷிதாபாத் இந்தியாவுக்கு வந்தது. குல்னாவும் மலைப்பகுதியும் பாகிஸ்தானுக்குப் போயின. குர்தாஸ்பூர் மாவட்டத்தின் நான்கு வட்டங்களில் ஷகர்கட் மட்டும் பாகிஸ்தானிடம் நின்றது.

எந்த நாட்டில் இருக்கிறோம் என்பது அங்கு வாழ்ந்தவர்களுக்கு மூன்று நாள் வரை தவறாகவே தெரிந்திருந்தது. கொடியேற்றிக் கொண்டாடியவர்கள் அதே வாரத்தில் வேறு நாட்டின் குடிகளானார்கள். மாற்று வரலாறு எழுத முற்படுபவர் முதலில் நினைவில் வைக்க வேண்டிய நிகழ்வு இது. இங்கே கோடு இடம் மாறியதைவிட, இடம் மாறும் என்பதே மக்களுக்குச் சொல்லப்படாமல் இருந்ததுதான் பெரிய கேடு.

பழகிப்போன மூன்று கற்பனைகள்

முதலாவது, ஜின்னாவின் நோய். முகமது அலி ஜின்னா காசநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். 1948 செப்டம்பர் 11 அன்று காலமானார். லாரி காலின்ஸ், டொமினிக் லாப்பியர் எழுதி, தமிழில் ‘நள்ளிரவில் சுதந்திரம்’ என்று அறியப்பட்ட நூல் (1975), இந்நோய் ரகசியமாக வைக்கப்பட்டதைப் பெரிதாகக் காட்டியது. நோய் வெளியே தெரிந்திருந்தால் அதிகார மாற்றத்தைத் தள்ளிப் போட்டிருக்கலாம், பிரிவினையே நேர்ந்திராது என்பது அதிலிருந்து கிளைத்த கற்பனை. இது ஒரு மனிதரின் நுரையீரலில் ஒரு நாட்டின் வரலாற்றை ஏற்றுகிறது. 1945–46 தேர்தல்களில் முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் பெரும்பாலானவற்றை முஸ்லிம் லீக் வென்றிருந்தது. ஜின்னா இல்லாமல் போயிருந்தாலும் அந்த வாக்குகள் இல்லாமல் போயிருக்கா.

இரண்டாவது, நேருவின் பேட்டி. 1946 மே 16 அன்று பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு ஒரு திட்டத்தை வெளியிட்டது. பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துத் தொடர்பு ஆகியவை மட்டும் நடுவண் அரசிடம் இருக்கும். மாகாணங்கள் மூன்று தொகுப்புகளாக அமையும். லீகும் காங்கிரசும் வெவ்வேறு பொருள் கொண்டு இதை ஏற்றன. ஜூலை 10 அன்று பம்பாயில் நேரு, அரசியல் நிர்ணய சபையில் காங்கிரஸ் எதற்கும் கட்டுப்பட்டதல்ல என்ற பொருளில் பேசினார். ஜூலை இறுதியில் லீக் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவில் பெருங்கலவரம் மூண்டது. மௌலானா ஆசாத் தம் ‘இந்தியா விடுதலை வெல்கிறது’ நூலில் நேருவின் இப்பேச்சைத் திருப்புமுனையாகக் குறிப்பிட்டார்.

முதல் கற்பனையைவிட இது வலுவானது. அக்காலத்தவர் மேசையிலிருந்த திட்டத்தைப் பற்றியது. ஆனால் நேரு அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தாலும், அஸ்ஸாம் வங்கத்தோடு ஒரே தொகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தது. அஸ்ஸாமின் கோபிநாத் பர்தலை இதைக் கடுமையாக எதிர்த்தார். தொகுப்பில் சேர்வது கட்டாயமா, விருப்பமா என்ற வழக்கு பேட்டிக்கு முன்பே தொடங்கிவிட்டது. பேட்டியை மட்டும் அழித்தால் அந்த வழக்கு அழியாது.

மூன்றாவது, ராட்கிளிஃபின் ஐந்து வாரம். லண்டன் வழக்கறிஞரான சிரில் ராட்கிளிஃப் அதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1947 ஜூலை 8 அன்று டெல்லி வந்து, ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் தீர்ப்பை முடித்துவிட்டார். பஞ்சாபுக்கும் வங்கத்துக்கும் தனித்தனி ஆணையங்கள். இரண்டுக்கும் அவரே தலைவர். ஒவ்வொன்றிலும் காங்கிரஸ் பரிந்துரைத்த இருவர், லீக் பரிந்துரைத்த இருவர் என நான்கு நீதிபதிகள். இரு இரண்டாகப் பிரிந்து அவர்கள் நின்றதால் முடிவு ராட்கிளிஃபிடமே வந்து சேர்ந்தது. டபிள்யூ. எச். ஆடன் 1966-ல் இவரைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். 2013-ல் ஹோவர்ட் பிரென்டனின் நாடகமும் வந்தது. இலக்கியம் இவரைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. அறிமுகமில்லாத நாட்டை அறைக்குள் உட்கார்ந்து வெட்டிய மனிதர் என்பது எளிதில் மனத்தில் பதியும் உருவம். அந்த உருவத்தின் பலத்தாலேயே, அவருக்கு இரண்டு ஆண்டு கிடைத்திருந்தால் நல்ல எல்லை அமைந்திருக்கும் என்ற எண்ணமும் பரவியது. இதை ஆவணத்தோடு வைத்துச் சோதிக்க முடியும்.

வேறு கை வரைந்த கோடு

ராட்கிளிஃபுக்கு முன்பே வேறு இருவர் இந்தக் கோட்டை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

ஒருவர் அம்பேத்கர். 1940-ல் வெளியான ‘பாகிஸ்தான் பற்றிய சிந்தனைகள்’ நூலில், பிரிவினை வருமானால் பஞ்சாபையும் வங்கத்தையும் முழு மாகாணங்களாகத் தர முடியாது, மாவட்டப் பெரும்பான்மையின்படி பிரிக்க வேண்டும் என்று புள்ளிவிவரங்களோடும் வரைபடங்களோடும் வாதிட்டார்.

இன்னொருவர் அரசப் பிரதிநிதி வேவல். 1946 பிப்ரவரியில் அவர் லண்டனுக்கு ஒரு எல்லைக் குறிப்பை அனுப்பினார். பஞ்சாபில் ராவல்பிண்டி, முல்தான், லாகூர் கோட்டங்கள் பாகிஸ்தானுக்கு. அவற்றில் அமிர்தசரசும் குர்தாஸ்பூரும் மட்டும் விலக்கு. சீக்கியரின் புனித நகரான அமிர்தசரஸ் தனித்து விடப்படாமல் இருக்கக் குர்தாஸ்பூரும் அதனோடு சேர வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். வங்கத்தில் அவர் முர்ஷிதாபாத்தைப் பாகிஸ்தானுக்கு ஒதுக்கினார், குல்னாவை ஒதுக்கவில்லை.

இக்குறிப்பை ராட்கிளிஃப் தீர்ப்போடு ஒப்பிட்டால், பஞ்சாபில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. வங்கத்தில் முர்ஷிதாபாத்தும் குல்னாவும் இடம் மாறியிருக்கின்றன. கல்கத்தா துறைமுகத்துக்கு நீர் தரும் பாகீரதி ஆறு முர்ஷிதாபாத் வழியாக வருவது இம்மாற்றத்துக்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. பின்னாளில் ஃபராக்கா அணை இதே மாவட்டத்தில் எழுந்தது. இவ்வேறுபாடு சிறிதல்ல. ஆனாலும், இந்தியாவை அறிந்த படைத்தளபதி, அவசரமின்றி, ஒன்றரை ஆண்டு முன்னதாக வரைந்த கோடும் பெருமளவு அதே இடத்தில்தான் விழுந்தது. 1941 கணக்கெடுப்பும், ‘தொடர்ச்சியான பெரும்பான்மைப் பகுதி’ என்ற அளவுகோலும் கையில் இருந்தால், வரைபவர் யாராயினும் பேனா செல்லும் பாதை குறுகியதுதான்.

குர்தாஸ்பூர் பற்றிய கற்பனைக்கும் இது பொருந்தும். அம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் 51 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்தனர். அது முழுவதும் பாகிஸ்தானுக்குப் போயிருந்தால் இந்தியாவுக்குக் காஷ்மீர் வழியே இருந்திராது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. ஆனால் காஷ்மீர்ப் பாதையின் வாயிலான பதான்கோட் வட்டத்தில் முஸ்லிம் அல்லாதோரே பெரும்பான்மை. வட்டவாரியாகப் பிரித்திருந்தாலும் அது இந்தியாவோடுதான் நின்றிருக்கும். பக்கத்திலுள்ள ஹோஷியார்பூர், காங்ரா மாவட்டங்களும் இந்தியாவுடையவை. 1947 அக்டோபர் 27 அன்று இந்தியப் படை ஸ்ரீநகரில் இறங்கியதோ விமானத்தில். ஒன்றை மட்டும் மாற்று என்ற விதியைப் பின்பற்றினால் இக்கற்பனையின் பாதி பலம் குறைந்துவிடுகிறது.

ஃபிரோஸ்பூரின் கதை வேறு. ஆகஸ்ட் 8 அன்று பஞ்சாப் ஆளுநருக்கு அனுப்பப்பட்ட வரைவில் ஃபிரோஸ்பூர், ஸிரா வட்டங்கள் பாகிஸ்தானுக்கு என்று இருந்தது. இறுதித் தீர்ப்பில் அவை இந்தியாவுக்கு வந்தன. மவுண்ட்பேட்டனின் தலையீட்டால் இம்மாற்றம் நேர்ந்தது என்று ராட்கிளிஃபின் செயலாளராக இருந்த கிறிஸ்டோபர் போமான்ட் 1992-ல் வெளிப்படையாகக் கூறினார். இங்கே கோடு உண்மையிலேயே வேறாக இருந்திருக்கலாம். எனினும் ராட்கிளிஃப் தம் தீர்ப்பிலேயே வேறொன்றைச் சுட்டிக்காட்டினார். ஃபிரோஸ்பூர் தலைமதகிலிருந்து பிரியும் தீபல்பூர் கால்வாய் மேற்குப் பஞ்சாபுக்குப் பாய்கிறது. கால்வாய்களுக்கு நீர் திறப்பதில் கூட்டுக் கட்டுப்பாடு இல்லாமல் இவ்விடத்தில் சரியான எல்லையே அமையாது என்பது அவர் கருத்து. அப்படியொரு ஏற்பாடு அமையவில்லை. 1948 ஏப்ரலில் கிழக்குப் பஞ்சாப் அந்நீரை நிறுத்தியது. சிந்து நதிநீர் உடன்பாடு வர 1960 ஆயிற்று. மதகு எந்தப் பக்கம் இருந்திருந்தாலும் இன்னொரு பக்கம் அதே அச்சத்தில் இருந்திருக்கும்.

பஞ்சாபும் வங்கமும்

கோடுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற கருத்தை மறுக்கும் வலுவான சான்று வரலாற்றிலேயே இருக்கிறது. பஞ்சாபையும் வங்கத்தையும் ஒரே மனிதர், ஒரே ஐந்து வாரத்தில், ஒரே அளவுகோலால் பிரித்தார். விளைவு ஒன்றாக இல்லை.

பஞ்சாபில் சில மாதங்களுக்குள் இரு பக்கச் சிறுபான்மையினரும் ஏறத்தாழ முழுமையாகத் துடைத்தெறியப்பட்டனர். வங்கத்தில் இடப்பெயர்வு பல பத்தாண்டுகள் நீண்டது. 1950, 1964, 1971 என அலையலையாக வந்தது. 1951 கணக்கெடுப்பில்கூடக் கிழக்குப் பாகிஸ்தானில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் இந்துக்கள்.

வேறுபாட்டுக்குக் காரணம் கோட்டில் இல்லை. பஞ்சாபில் 1947 மார்ச்சிலேயே, எல்லை ஆணையம் அமைவதற்கு முன்பே, ராவல்பிண்டிப் பகுதியில் கொலைகள் தொடங்கிவிட்டன. போரிலிருந்து திரும்பிய, ஆயுதப் பயிற்சி பெற்ற ஆண்கள் ஊருக்கு ஊர் இருந்தனர். சீக்கிய சமூகம் நடுவில் பிளக்கப்பட்டது. பன்னிரண்டு மாவட்டங்களைக் காக்க அமைக்கப்பட்ட பஞ்சாப் எல்லைப் படை, தொடங்கி ஒரு மாதம் ஆனதும் செப்டம்பர் தொடக்கத்தில் கலைக்கப்பட்டது. கல்கத்தாவிலோ அதே செப்டம்பரின் முதல் நாட்களில் காந்தி உண்ணாநோன்பு இருந்தார், நகரம் அடங்கியது. முந்தைய ஆண்டின் கொலைகளைக் கண்ட அதே நகரம்தான் அது. வங்கம் அமைதியாக இருந்தது என்று இதற்குப் பொருளல்ல. அங்கே துயரம் மெதுவாக வந்தது. ஆனால் கோட்டை மட்டும் குற்றம் சொல்லும் விளக்கத்தால் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது.

மேசையில் இருந்த மாற்றுகள்

ஃபெர்குசனின் சல்லடையில் தேறும் மாற்றுகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை.

1944-ல் ராஜாஜி முன்வைத்த திட்டம் அவற்றுள் ஒன்று. பாகிஸ்தான் கோரிக்கையின் அடிப்படையை ஏற்கலாம் என்று 1942-ல் சென்னை மாகாணக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் தீர்மானம் கொண்டுவந்து, அகில இந்தியத் தலைமையோடு முரண்பட்டு விலகியவர் அவர். அவருடைய திட்டத்தின்படி, போர் முடிந்ததும் ஓர் ஆணையம் முஸ்லிம் பெரும்பான்மை மாவட்டங்களை வரையறுக்கும். அங்கு வாழும் அனைவரும் வாக்களித்து முடிவு செய்வர். எல்லையோர மாவட்டங்கள் எந்த நாட்டோடும் சேரும் உரிமை பெறும். பிரிந்தால் பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு உடன்படிக்கை உண்டு. இடப்பெயர்வு விருப்பத்தின் பேரில் மட்டும். 1944 செப்டம்பரில் காந்தியும் ஜின்னாவும் பம்பாயில் இதை ஒட்டிப் பேசினர்; பேச்சு முறிந்தது. முழு மாகாணங்கள் வேண்டும் என்பதிலும், முஸ்லிம்கள் மட்டுமே முடிவு செய்ய வேண்டும் என்பதிலும் ஜின்னா உறுதியாக இருந்தார்.

இத்திட்டம் ஏற்கப்பட்டிருந்தால் வரைபடம் எப்படி இருந்திருக்கும்? 1947-ல் வந்ததைப் போலவே பெரும்பாலும் இருந்திருக்கும். மாறியிருக்கக்கூடியவை வேறு: மக்களிடம் கேட்டிருப்பார்கள், காலம் இருந்திருக்கும், உடன்படிக்கை முன்னே வந்திருக்கும், கோடு பின்னே வந்திருக்கும்.

இரண்டாவது, 1947 மே மாதத்து ஐக்கிய வங்கத் திட்டம். சுஹ்ரவர்தியும் சரத் சந்திர போசும் பிரியாத, தனித்த வங்கத்தை முன்மொழிந்தனர். காங்கிரஸ் தலைமையும், சியாமா பிரசாத் முகர்ஜி முன்னின்ற இந்து மகாசபையும் இதை எதிர்த்தன. ஜூன் 20 அன்று சட்டமன்றத்தின் மேற்கு வங்க உறுப்பினர்கள் 58–21 என்ற கணக்கில் பிரிவினைக்கு வாக்களித்தனர். ராஜாஜி திட்டத்தைப்போல் அல்லாமல் இது வரைபடத்தையே மாற்றியிருக்கும். ஆனால் கல்கத்தாவின் 1946 ஆகஸ்ட் நினைவு ஆறாத நிலையில், அன்று முதலமைச்சராக இருந்த சுஹ்ரவர்தியை மேற்கு வங்க இந்துக்கள் நம்பியிருப்பார்களா என்ற கேள்விக்கு இக்கற்பனை விடை வைத்திருக்க வேண்டும்.

மாற்றிப் பார்க்க வேண்டியது எது

1947 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த கெடு 1948 ஜூன். ஜூன் மாதத்தில் அது ஆகஸ்ட் 15 என்று முன்னால் இழுக்கப்பட்டது. தீர்ப்பு தயாரான பின்னும் விழா முடியும்வரை மறைத்து வைக்கப்பட்டது. எல்லை மாவட்டங்களின் நிர்வாகமும் காவல்துறையும் எங்கே பணிபுரியப் போகிறோம் என்று தெரியாமலேயே பிரிக்கப்பட்டன. சிறுபான்மையினரின் பாதுகாப்புக்கு இரு அரசுகளும் வாக்குறுதி தந்தன. அதைக் காக்கும் படை போதவில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். இறந்தோர் தொகை இரண்டு லட்சம் முதல் பத்து லட்சத்துக்கும் மேல் என மதிப்பீடுகள் வேறுபடுகின்றன.

இவை ஒவ்வொன்றும் அன்றைய அதிகாரிகள் அறிந்திருந்த, எச்சரித்திருந்த செய்திகள். ஆகவே சல்லடையில் தேறும் மாற்று இதுதான்: அதே கோடு, பத்து மாதம் கழித்து, முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, காவல் நிறுத்தப்பட்ட பின் வந்திருந்தால்? எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது; மார்ச் மாதக் கொலைகள் அதற்குச் சாட்சி. தாமதம் கலவரத்தை மேலும் வளர்த்திருக்கும் என்று அன்று வாதிட்டவர்களும் உண்டு. ஆயினும் ஆராய்ச்சிக்கு உரிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. மவுண்ட்பேட்டனின் நாட்காட்டியை மாற்றிப் பார்ப்பது, ராட்கிளிஃபின் பேனாவை மாற்றிப் பார்ப்பதைவிட அதிகம் கற்றுத் தரும்.

எல்லையை உண்மையிலேயே மாற்றி எழுதிய ஒரு நிகழ்வும் உண்டு. கூச்பிகார் பகுதியில் வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டு நிலங்களும், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டு நிலங்களும் சிக்கியிருந்தன. அங்கு வாழ்ந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பெயரளவில் ஒரு நாடு இருந்தது. பள்ளியும் மின்சாரமும் காவல் நிலையமும் இல்லை. 1974-ல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரகுமானும் செய்த உடன்பாடு, அரசியலமைப்பின் நூறாவது திருத்தத்துக்குப் பிறகு, 2015 ஜூலை 31 நள்ளிரவில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொருவரிடமும் எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்தனர். நாடு மட்டும் மாறியது.

கேட்பதற்கு 68 ஆண்டுகள் ஆயின. ஆனால் கோடு மாறியும் யாரும் வீட்டைவிட்டு விரட்டப்படவில்லை. பிரிவினை பற்றிய மாற்று வரலாறு எழுதுவோர் புதிய வரைபடத்தைத் தேடுவதற்கு முன், இந்த நடைமுறையை 1947-ல் வைத்துப் பார்ப்பது நல்லது.